துரை பறக்கும் நேரம்

துரை என்பது கிளியின் பெயர். கூண்டுக்குள் இருந்தபடியே வீட்டில் உள்ளவர்களை வேலை வாங்கத் தெரிந்த பறவைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பழத்தை நறுக்கிக் கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே பழத்தை நீங்கள் உங்கள் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தன் சொத்தை யாரோ அபகரித்துவிட்ட மாதிரி கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

துரையைச் சேர்த்தால் அந்த வீட்டில் மூன்று பேர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள் ஒருத்தி, அவளுடைய மாமனார் ஒருவர். மாமனாரைக் குடியிருப்பில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுவதையும் உயரமான கட்டடங்களின் உச்சியில், இயந்திர அறைகளுக்குள், கிரீஸும் கையுமாகக் கழித்தவர். மாமனார் இருக்கிறார், மருமகள் இருக்கிறாள், நடுவில் இருக்க வேண்டியவன் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் சின்னது. போய்விட்டான். வேறு ஊரில், வேறு ஒருத்தியோடு இருக்கிறான்.

சேதி கேட்டதும் லிஃப்ட்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்க்க வந்தார். அவர் மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேலையும் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறுதல் சொல்லத்தான் வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கிளம்ப எழுந்தபோது அவள்தான் சொன்னாள்.

"இருங்க மாமா. அங்க போய்த் தனியா என்னத்தச் சமைச்சு என்னத்தச் சாப்பிடப் போறீங்க?"

அந்த 'இருங்க' என்ற ஒரு சொல்லின் மேல்தான் அவர் அங்கே குடியிருந்தார். மகன் கைவிட்டுப் போன வீட்டில் அப்பனுக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசியது அவர் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான் என்று அவருக்கே பட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போக மனம் வரவில்லை. மருமகள் என்றைக்காவது தன் வாயாலேயே "உங்க பையன்கிட்டப் போங்க" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி நாள் முழுக்க நெருடிக்கொண்டே இருந்தது. அதனால் குழாய் ஒழுகினால் ஓடிப்போய்ச் சரிசெய்வார். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். ஒரு தடவை ஒழுகாத குழாயையும் கழற்றிப் பார்த்தார். அன்று கூடம் வரைக்கும் தண்ணீர்.

துரை வந்தது மருந்துக்கடை வழியாக. வழக்கமாக மாத்திரை வாங்க வரும் ஒரு பெண்மணி, ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கூண்டோடு மருமகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இறக்கையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கம்பிக்குக் கம்பி தொற்றி நடக்கத் தெரியும், அவ்வளவுதான். இறகு மறுபடி முளைக்கத் தொடங்கியபோது, உதவி செய்கிற நினைப்பில் லிஃப்ட்காரர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேண்டாம் மாமா," என்றாள். "வெளியில விட்டா இதுக்குப் பொழைக்கத் தெரியாது. முதல் நாளே பூனை தூக்கிட்டுப் போயிடும். வீட்டுக்குள்ளயாவது பறக்கட்டுமே."

வீட்டுக்குள்ளயாவது என்று சொல்வது சுலபம். வீடு மனிதர்களுக்காகக் கட்டியது. ஒரு கிளியின் கண்ணால் பார்த்தால்தான் அதில் எமன் எத்தனை இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். ஜன்னல் கண்ணாடி அதற்கு வெறும் வெளிச்சம். முழு வேகத்தில் போய் மோதிக்கொள்ளும். மருமகள் கண்ணாடிகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டைகளை ஒட்டினாள். அலமாரிக் கண்ணாடியில் தெரிகிற இன்னொரு கிளியோடு சண்டைக்குப் போகக்கூடாதென்று அதன் மேல் துண்டைத் தொங்கவிட்டாள். வாளித் தண்ணீரில் விழுந்தால் ஏறி வரத் தெரியாது என்று குளியலறைக் கதவைச் சாத்தினாள். அடுப்பை அணைத்து, சட்டி ஆறும்வரை பொறுத்து, சமையலறையையும் சாத்தினாள். வாசல் கதவுக்குத் தாழ் போட்டாள். கடைசியில் ஃபேன். அதை நிறுத்திவிட்டு, கூண்டுக் கதவில் ஒரு கையை வைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். சுழல்வது மெல்ல மெல்லக் குறைந்து, மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்து, அசையாமல் நின்ற பிறகுதான் கதவைத் திறப்பாள்.

திறந்தவுடன் பாய்ந்துவிடுமா? துரையல்லவா! கூண்டு வாசலில் வந்து நிற்கும். உடம்பை ஒரு தடவை சிலிர்த்துக்கொள்ளும். இடது இறக்கையைக் காலோடு சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும். பிறகு வலது. ஆபீசுக்குக் கிளம்புகிறவர் கண்ணாடி முன்னால் நின்று பொத்தான் போட்டுக்கொள்வது போல எல்லாம் நிதானமாக நடக்கும். அப்புறம் ஒரு தாவல். கூடத்தை ஒரு வட்டம் அடித்துத் திரைக்கம்பியில் உட்காரும். அங்கிருந்து புத்தக அலமாரி. அங்கிருந்து மறுபடி ஒரு வட்டம். சாம்பல் பூத்த அந்தக் கூடத்தில் பச்சையாக ஒன்று பறப்பதைப் பார்க்கப் பார்க்க லிஃப்ட்காரருக்குத் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வராது.

ஒரு நாள் அவருடைய வழுக்கைத் தலையில் இறங்கப் பார்த்துச் சறுக்கி, சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டு தொங்கியது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். காலர் கிழிந்தால் கிழியட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வினை லிஃப்ட்காரரின் கையில் இருந்தது. வெளியிலிருந்து கூடத்துக்குள் நுழைந்தால் போதும், அந்தக் கை அவரைக் கேட்காமலே ஃபேன் சுவிட்சுக்குப் போய்விடும். வெயில் காலத்தில் மூடிய அறைகளில் வேலை பார்த்தவரின் கை அது. ஒரு மாலை, துரை திரைக்கம்பியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அறையிலிருந்து வெளியே வந்தவர் பழக்க தோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டார். மருமகள் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டாள். துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பரவாயில்ல மாமா, விடுங்க," என்றாள். ஆனால் சுவிட்சின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்த வீட்டில் தன்னால் ஒரு கெடுதல் நடந்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். மனிதனை நம்பினால் மறந்துதான் போவான். தன் தொழிலில் இதற்கெல்லாம் வழி உண்டே என்று அப்போதுதான் பொறி தட்டியது.

லிஃப்ட் வேலைக்குச் சேர்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: கதவு திறந்திருந்தால் பெட்டி நகரக்கூடாது. யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு எதையும் அணைக்க வேண்டாம். கதவு திறந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. அதையே இங்கே செய்தால் என்ன? கூண்டுக் கதவு திறந்தால் ஃபேனுக்கு மின்சாரம் போகக்கூடாது. யார் சுவிட்சைத் தட்டினாலும் ஃபேன் ஓடக்கூடாது.

மருமகள் வேலைக்குப் போன நேரமெல்லாம் உட்கார்ந்து செய்தார். கூண்டுக் கதவின் விளிம்பில் ஒரு சின்னப் பொத்தானைப் பொருத்தினார். கதவு மூடியிருந்தால் அது அழுந்தியிருக்கும், திறந்தால் எழும்பும். அதிலிருந்து மெல்லிய கம்பி சுவிட்ச் பலகை வரைக்கும் போனது. துரை எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால், கம்பியை ஒரு உலோகக் குழாய்க்குள் நுழைத்தார். கூண்டில் பாய்கிற மின்சாரம் தொட்டாலும் உறைக்காத அளவுக்குத்தான். கிளி வெளியே இருக்கும்போது காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டால் ஃபேன் ஓடிவிடுமே என்றும் யோசித்தார். அதற்கு ஒரு கொக்கி வைத்தார். கையால் எடுத்துவிட்டால் ஒழியக் கதவு மூடாது. இப்படியெல்லாம் யோசிக்கிற மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை என்பதில் அவருக்கே கொஞ்சம் கர்வம்தான். சோதித்தும் பார்த்தார். கதவைத் திறந்தால் பலகைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். மூடினால் இன்னொரு 'டிக்'. தொழிலில் அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் கருவிப் பையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மருமகள் வந்ததும் செய்து காட்டினார். அவள் பெரிய கண்களை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப நான் சுவிட்ச அணைக்கவே வேண்டாமா?"

"எதையும் அணைக்க வேண்டாம். கதவு திறந்தா ஃபேன் ஓடாது. நான் பொறுப்பு. நீ நிமிர்ந்துகூடப் பாக்க வேண்டாம்மா."

அவள் நெகிழ்ந்துபோய், "உங்களுக்கு என்னதான் மாமா தெரியாது!" என்றாள். அன்றிரவு லிஃப்ட்காரர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த வீட்டில் தனக்கும் இனி ஒரு இடம் உண்டு என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு மாலை நேரங்கள் இலகுவாகிவிட்டன. புழுக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு வியர்வை அடங்கும்வரை காற்று வாங்குவாள். ஜன்னல், குளியலறை, சமையலறை என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு வந்து நேராகக் கூண்டுக் கதவைத் திறப்பாள். 'டிக்'. துரை வாசலில் நின்று, சிலிர்த்து, இடது நீட்டி, வலது நீட்டி, எல்லாச் சடங்கும் முடித்துக் கிளம்புவதற்குள் மேலே ஃபேன் ஓய்ந்து நின்றிருக்கும். ஒரு பிசகும் இல்லை. அதனால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அண்ணாந்து பார்க்கும் பழக்கமே அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது.

அன்றைக்கும் அப்படித்தான். மழை வராமல் ஏமாற்றிய புழுக்கமான ஒரு மாலை. ஃபேன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தன் நாற்காலியில் இருந்தார். மருமகள் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வந்து, "வாங்க துரை," என்று கூண்டைத் திறந்தாள். 'டிக்'. துரை வாசலுக்கு வந்தது. அதே நேரம் வெளியே, மாடிப்படியில், யாரோ கொண்டுபோன தகரப் பெட்டி கை நழுவிப் படிக்குப் படி தடதடவென்று உருண்டு விழுந்தது.

துரை சிலிர்க்கவில்லை, சோம்பல் முறிக்கவில்லை. பயந்த பறவைக்குத் தெரிந்த ஒரே திசை மேலே. நெட்டுக்குத்தாக எழும்பியது.

மோதிய சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மெத்தையைத் தட்டுவது போல ஒரு தட்டல். துரை சுவரில் போய் விழுந்து, சோபாவுக்குப் பின்னால் சரிந்தது. அது விழுந்த பிறகும் இறகுகள் சாவகாசமாக ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மருமகள் அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். லிஃப்ட்காரரும் பார்த்தார். மின்சாரம் இல்லாத ஃபேன், தனக்கு யார் மேலும் பகையில்லை என்பது போல, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லிஃப்டில் மின்சாரம் போனால் பெட்டி அப்படியே நிற்கும். நிற்பதற்குக் காரணம் மின்சாரம் போனது அல்ல. மின்சாரம் போன மறுகணம் மோட்டாரின் மேல் வந்து இறுக்கிக்கொள்ளும் பிரேக்தான் காரணம். வாழ்நாள் முழுக்க அந்தப் பிரேக்கைக் கழற்றி, துடைத்து, மாட்டியவர் அவர். அவருடைய உலகத்தில் மின்சாரத்தை நிறுத்துவதும் ஓட்டத்தை நிறுத்துவதும் ஒன்றுதான். வேறு எவனாவது ஒரு சாதாரண ஆள் இதைச் செய்திருந்தால், ஃபேன் நிற்க நேரமாகுமே என்று யோசித்திருப்பான். அவர் யோசிக்கவில்லை. ஃபேனில் ஏது பிரேக்?

மருமகள் துரையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினார்.

மிருக டாக்டர் கறாரான பெண். வெளிச்சத்தில் வைத்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். துரை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"எலும்பு ஒடிஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. கட்டுப் போடறேன், மருந்து தரேன். பறக்குமா பறக்காதான்னு இப்ப எதுவும் சொல்ல முடியாது," என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஃபேனை நிறுத்தாமலா தொறந்து விட்டீங்க?" என்று கேட்டாள்.

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள். "நிறுத்தியிருந்தது டாக்டர்."

"அது நின்னிருக்கணும்ல?"

டாக்டர் கட்டுப் போடத் தொடங்கினாள்.

திரும்பி வரும் வழியில் டாக்ஸியில் அவள் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் துண்டுப் பொட்டலம். லிஃப்ட்காரர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிந்துகொள்வதுமாக வந்தார். இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து துரையைக் கூண்டின் அடித்தட்டில் மெத்தென்று துணி போட்டுக் கிடத்தினாள். அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"லிஃப்ட்ல பிரேக் இருக்கும்மா. கரண்ட் போன உடனே அது பிடிச்சுக்கும். நான் அந்த நெனப்புலயே..."

"மாமா."

அவர் நிறுத்தினார். அவள் கூண்டைப் பார்த்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்டப் பேசினப்பவும் இதையேதான் சொன்னீங்க. 'என் பையனுக்கு நான் பொறுப்பு, உங்க பொண்ணு கண்ண மூடிக்கிட்டு வரலாம்'னு. நானும் மூடிக்கிட்டுத்தான் வந்தேன். இப்ப நிமிர்ந்துகூடப் பாக்க வேண்டாம்னு சொன்னீங்க. நானும் பாக்கல."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் போனதிலிருந்து அவனைப் பற்றி இதுவரை அவள் வாயைத் திறந்ததே இல்லை. தான் அப்படிச் சொன்னதைக்கூட அவர் மறந்துவிட்டிருந்தார். இப்போது, அன்று போட்டிருந்த சட்டை முதற்கொண்டு ஞாபகம் வந்தது. பெண்ணைப் பெற்றவரின் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தெம்பாகச் சொன்னார்! பையனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அவன் வளர்ந்த காலம் முழுக்க அவர் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தார். தன் ரத்தம், தப்பாகப் போகாது என்று ஒரு நினைப்பு. அதை நம்பித்தான் இன்னொருவர் பெண்ணின் வாழ்க்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

காலையில் அவள் துரைக்கு மருந்து புகட்டிவிட்டு, அவருக்கும் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் போனாள். "வரேன் மாமா" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

அவள் போனதும் சுவிட்ச் பலகையைத் திறந்தார். தான் மாட்டியதையெல்லாம் கழற்றினார். கம்பியைச் சுருட்டினார், பொத்தானைப் பெயர்த்தார், கொக்கியின் திருகாணியைக்கூட விட்டுவைக்கவில்லை. துரை மூலையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. கட்டுப் போட்ட பக்கம் தொங்கிப்போயிருந்தது. பழம் வைத்தார். தொடவில்லை. தானே ஒரு துண்டை வாயில் போட்டு மென்று காட்டினார். அதற்கும் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பழத்தைத் துப்பிவிட்டார்.

கூட வேலை பார்த்தவன் ஒருவன் வேறு ஊரில் பட்டறை வைத்திருந்தான். பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்று பல தடவை சொல்லியிருந்தான். லிஃப்ட்காரர் போன் செய்து, வருகிறேன் என்றார். மருமகளிடம் நேராகச் சொல்லலாம்தான். சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். மனதில் இல்லாததை மரியாதைக்காகச் சொல்ல வைப்பானேன்? அவள் இல்லாத நேரத்தில் அரவமில்லாமல் போய்விடுவதுதான் அவளுக்குச் செய்கிற நல்லது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. நல்லது என்பதெல்லாம் அதற்குப் போட்ட மேல்பூச்சு.

பையில் அடைக்க அதிகம் இல்லை. நாலு சட்டை, மருந்துகள், மனைவியின் படம். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். வாசல் கதவை இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பையைத் தோளில் மாட்டி, கூண்டின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். "வரேன் துரை," என்றார். கதவை நோக்கித் திரும்பியபோது வெளியிலிருந்து சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

மருமகள் நின்றாள். மருந்துக்கடை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் கண் அவர் முகத்துக்குப் போயிற்று, பைக்குப் போயிற்று.

"துரைக்கு மதிய மருந்து இருக்கே மாமா. உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்னு அனுமதி கேட்டுட்டு ஓடி வந்தேன்." மூச்சு வாங்கினாள். "எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மாதாம்மா. கூட வேலை பாத்தவன் ஒருத்தன்... கொஞ்ச நாள்..."

"சாவி எங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவள் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். முதுகுதான் தெரிந்தது.

"அவரும் ஃப்ரிட்ஜ் மேலதான் வச்சுட்டுப் போனார்," என்றாள்.

லிஃப்ட்காரர் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேலைக்குப் போன நேரமாப் பாத்துத்தான். சாயங்காலம் வந்து கதவைத் தொறந்தா, அலமாரி பாதி காலி. திருடன் வந்துட்டான்னு நெனச்சு முதல்ல அவருக்குத்தான் போன் பண்ணேன், பயந்துடப் போறாரேன்னு. அப்புறம்தான் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் தொறக்கப் போய், சாவியப் பாத்தேன்."

இது அவருக்குத் தெரியாது. மகன் போய்விட்டான் என்று தெரியும். எப்படிப் போனான் என்று அவர் கேட்டதில்லை. பை தோளில் கனத்தது. இத்தனை நாளாக, இந்தப் பிள்ளை யாரைக் கொண்டு இப்படிப் பிறந்தான் என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பதில் தெரிந்துவிட்டது. அப்படியே சுவரில் சாய்ந்து, பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இங்க இருக்கறதும்மா?"

"அது எனக்குத் தெரியாது." அவள் திரும்பினாள். அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. "எனக்கு உங்க மேல கோபம் இருக்கு மாமா. நெறைய இருக்கு. அவர் மேல இருக்கிற கோபத்தக் காட்ட எதிர்ல ஆள் இல்ல. உங்க மேல இருக்கிறதையாவது நேருக்கு நேரா காட்டிக்கறேன். தீர்ற வரைக்கும் இருந்து வாங்கிக்கோங்க. அப்புறமும் போகணும்னு இருந்தா, நான் வீட்டுல இருக்கும்போது, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

அவர் தோளிலிருந்த பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள். "வாங்க," என்றாள். "காலையில நான் ஒருத்தியே குடுத்ததுல பாதி கீழ கொட்டிடுச்சு. ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

துண்டை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டார். துரை பின்வாங்கியது, பிறகு பின்வாங்க இடமில்லாமல் நின்றது. கட்டின் மேல் படாமல் சுற்றி எடுத்தார். அது இத்தனை லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது விரல்களுக்குத் தெரிந்தது. மருமகள் சிரிஞ்சைக் கிட்டே கொண்டுவந்ததும், துரை தலையை வெடுக்கென்று திருப்பி, அவருடைய கட்டைவிரலைக் கவ்விக் கடித்தது.

ரத்தம் வந்தது. சுளீர் என்று உச்சந்தலை வரைக்கும் வலித்தது. அது விடவில்லை, இன்னும் இறுக்கியது.

"விட்டுடாதீங்க மாமா. இப்ப விட்டா கீழ விழும்."

"விடலம்மா."

"கடிக்குதா?"

"கடிக்கட்டும். நீ குடு."

அவள் அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்தி, விழுங்குகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த சொட்டு விட்டாள். லிஃப்ட்காரர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.